மாவட்ட நாளிதழை இணையத்துக்குக் கொண்டுபோவது எப்படி: எழுத்துரு முதல் ஏஜென்ட் கணக்கு வரை

பத்தாயிரம் பிரதி ஓடும் ஒரு மாவட்ட நாளிதழை எடுத்துக்கொள்வோம். 12 பக்கம், பிராட்ஷீட் என்னும் முழு அளவு. நான்கு பக்கத்துக்கு ஒரு தாள் வீதம் பிரதிக்கு மூன்று தாள். 68.6 செ.மீ. அகலம், 54.6 செ.மீ. வெட்டு, சதுர மீட்டருக்கு 45 கிராம் எடையுள்ள நியூஸ்பிரின்ட் என்றால் ஒரு பிரதி ஏறக்குறைய 50 கிராம் வரும். டன் 50,000 ரூபாய்க்குத் தாள் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் பிரதிக்கு இரண்டரை ரூபாய் தாளுக்கே போகிறது. விலை 5 ரூபாய், ஏஜென்ட் கமிஷன் 30 சதவீதம் என்றால் கைக்கு வருவது மூன்றரை ரூபாய். மிஞ்சும் ஒரு ரூபாயில் மை, பிளேட், மின்சாரம், வேன் வாடகை, சம்பளம், விற்காமல் திரும்பி வரும் ரிட்டர்ன் கட்டு எல்லாம் அடங்கியாக வேண்டும். அடங்காது. அந்தப் பள்ளத்தை இதுவரை நிரப்பிவந்தது நகைக்கடை, ஜவுளிக்கடை, டெண்டர், வரி விளம்பரம், நினைவஞ்சலி ஆகியவைதான். அவற்றில் ஒரு பகுதி கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்டதால்தான் இன்று அச்சு இதழ்கள் மூச்சு வாங்குகின்றன.

இணையம் அந்தப் பணத்தை அப்படியே திருப்பித் தரும் என்று நினைத்து இறங்குகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. அரைப் பக்க விளம்பரம் 33க்கு 25 செ.மீ., அதாவது 825 சதுர செ.மீ. சதுர செ.மீ. 60 ரூபாய் வீதம் போட்டால் 49,500 ரூபாய். தளத்தில் ஆயிரம் பக்கப் பார்வைக்கு 50 ரூபாய் கிடைப்பதாக வைத்தால், அதே தொகைக்குப் பத்து லட்சம் பார்வை வேண்டும். நடிகையின் திருமணம், ராசிபலன், “இதைப் பார்த்தால் அதிர்ச்சி அடைவீர்கள்” வகைச் செய்திகளால் பத்து லட்சத்தை எட்டலாம். ஆனால் அந்தப் பத்து லட்சத்தில் உங்கள் ஊர் நகைக்கடைக்கு வந்து வாங்கக்கூடியவர் எத்தனை பேர்? உள்ளூர் விளம்பரதாரர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். எனவே இந்தக் கையேடு முழுக்க ஒரே குறியை வைத்துப் போகிறது: மாவட்டத்துக்குள் இருக்கிற வாசகர் வாரத்துக்கு மூன்று நாளாவது தானாகவே தளத்துக்கு வர வேண்டும். மற்ற எண்களெல்லாம் அடுத்தபடிதான்.

எழுத்துரு

தமிழ் இதழ்கள் இணையத்துக்கு வரும்போது பாதி வேலை இங்கேதான் கிடக்கிறது. வெப் டிசைனர்களில் பெரும்பாலானோர் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

பக்கம் கட்டும் கணினியில் பாமினி, ஸ்ரீலிபி, வானவில், செந்தமிழ் என்று ஏதோ ஒரு பழைய எழுத்துரு ஓடிக்கொண்டிருக்கும். அதில் அடித்த செய்தியைப் பக்கம் முடிந்தபிறகு எடுத்து, எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித் தளத்தில் ஏற்றுவதுதான் வழக்கம். இந்த வரிசையே தவறு. பக்கத்தில் ஏறிய செய்தியில் வரியை ஒட்டவைக்க நடுவில் என்டர் தட்டியிருப்பார்கள், இடம் போதாமல் கடைசிப் பத்தியை வெட்டியிருப்பார்கள். பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே செய்திக்கு நடுவே ஆங்கிலத்தில் அடித்த நிறுவனப் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ மாற்றியில் மாட்டினால் புரியாத தமிழாக வெளியே வரும்.

வரிசையைத் திருப்புங்கள். நிருபரும் செய்தியைத் திருத்தும் டெஸ்க்கும் முதலிலிருந்தே யூனிகோடில் அடிக்கட்டும். தமிழ்99 விசைப்பலகை போதும், போனிலிருந்து அனுப்பினாலும் அது யூனிகோடுதான். திருத்திய பிரதி தளத்துக்குப் போகட்டும். பழைய எழுத்துரு தேவைப்படுகிற பக்க வடிவமைப்பாளருக்கு மட்டும் யூனிகோடிலிருந்து மாற்றிக் கொடுங்கள். இந்தத் திசையில் பிழை மிகக் குறைவு. பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனிலேயே யூனிகோடில் பக்கம் கட்டுவதானால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இன்டிசைனில் தமிழ் வராது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஏற்கெனவே மாற்றி ஏற்றிய செய்திகளில் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இருக்கும். முக்கியமானவை நான்கு.

1. துணைக்காலின் மேல் புள்ளி. ‘அவர்’ என்பதற்கு ‘அவா்’ என்று பதிவாகியிருக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் முதலாவதில் இருப்பது ரகர மெய், இரண்டாவதில் இருப்பது துணைக்காலும் புள்ளியும். வாசகர் ‘முதல்வர்’ என்று தேடினால் ‘முதல்வா்’ என்றிருக்கும் செய்தி அகப்படாது. தமிழில் துணைக்காலை அடுத்துப் புள்ளியோ, இகர, ஈகரக் குறிகளோ வரவே வராது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம்: துணைக்கால்+புள்ளி என்றால் ர், துணைக்கால்+இகரக்குறி என்றால் ரி, துணைக்கால்+ஈகரக்குறி என்றால் ரீ.

2. ஒகர, ஓகரக் குறிகள். ‘கொ’ என்பது சில இடங்களில் ஒரே குறியாகவும், சில இடங்களில் கொம்பு, கால் என இரண்டு துண்டாகவும் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடு இயல்பாக்கத்தில் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் எல்லாம் ஒரே வகைக்கு வந்துவிடும். நிரலர் ஒரு வரியில் எழுதிவிடக்கூடிய வேலை.

3. ஔகாரம். ‘பௌர்ணமி’ என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டு ‘பெளர்ணமி’ என்று அடித்திருப்பார்கள். இதை மொத்தமாக மாற்றக் கூடாது. ‘வெள்ளம்’, ‘தெளிவு’, ‘வெளியீடு’ எல்லாம் கெட்டுவிடும். கௌரவம், மௌனம், கௌதம், சௌந்தர், வௌவால், பௌர்ணமி என்று ஒரு சொற்பட்டியல் வைத்து அவற்றை மட்டும் மாற்றுங்கள். ஔவையாருக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கும்.

4. மறைந்திருக்கும் இணைப்புக் குறிகள். வேறு தளத்திலிருந்தோ வேர்டிலிருந்தோ ஒட்டும்போது அகலமில்லாத குறிகள் சொல்லின் நடுவே ஒட்டிக்கொண்டு வரும். தேடலைக் கெடுப்பதைத் தவிர அவற்றால் தமிழில் பெரும்பாலும் பயன் இல்லை, நீக்கிவிடலாம்.

இந்த நான்கையும் செய்தி சேமிக்கப்படும் நேரத்திலேயே தானாக ஓடும்படி தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் ஒரு சிறு நிரலாகப் போட்டுவிடுங்கள். உதவி ஆசிரியர் நினைவு வைத்துச் செய்ய வேண்டும் என்று விட்டால் நடக்காது. ஊர்ப்பெயருக்கும் ஒரு பட்டியல் தேவை. கோவை, கோயம்புத்தூர், திருச்சி, திருச்சிராப்பள்ளி, தஞ்சை, தஞ்சாவூர் என்று ஆளுக்கொரு மாதிரி எழுதினால் ஒரே ஊர்ச் செய்திகள் மூன்று அடைவில் சிதறும். உள்ளே எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், குறிச்சொல் மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

ஒரே செய்தி, இரண்டு நேரம்

மாலை 4 மணிக்கு நடந்த மறியலை நிருபர் “நேற்று மறியலில் ஈடுபட்டனர்” என்றுதான் எழுதி அனுப்புவார், ஏனென்றால் பேப்பர் மறுநாள் காலையில் வருகிறது. அதே பிரதி மாலை 5 மணிக்குத் தளத்தில் ஏறும்போதும் ‘நேற்று’ என்றே இருக்கும். மூன்று மாதம் கழித்துத் தேடலில் வந்து படிப்பவருக்கு எந்த நேற்று என்று எப்படித் தெரியும்? ‘செவ்வாய்க்கிழமை’ என்று எழுதச் சொன்னால் இரண்டு இடத்துக்கும் ஒரே பிரதி போதும். செய்தியின் தலையில் தேதியும் நேரமும் தனியாக இருக்கட்டும்.

தலைப்பும் அப்படியே. அச்சில் “சாலை மறியல்: 42 பேர் கைது” என்று போட்டால் பக்கத்தின் மேலே மாவட்டப் பெயர் இருக்கிறது, பக்கத்திலேயே படம் இருக்கிறது, வாசகருக்குப் புரிந்துவிடும். போனில் அந்தத் தலைப்பு தன்னந்தனியாக வந்து நிற்கும். “பெருந்துறையில் குடிநீர் கேட்டு மறியல்: 42 பேர் கைது” என்று ஊரும் காரணமும் உள்ளே வர வேண்டும். கேள்விக்குறியோடு முடித்து ஆவலைத் தூண்டும் தலைப்புகள் முதல் மாதம் எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும்; பிறகு வாசகர் ஏமாந்து ஏமாந்து வருவதையே நிறுத்திவிடுவார்.

“ராத்திரியே போட்டுவிட்டால் காலையில் யார் வாங்குவார்கள்?” என்று சர்குலேஷன் மேலாளர் கேட்பார். நியாயமான கேள்வி. செய்தியை மூன்றாகப் பிரித்துவிட்டால் சண்டை தீரும். விபத்து, போக்குவரத்து மாற்றம், மழை விடுமுறை, அணை திறப்பு போன்றவை உறுதியான உடனே போக வேண்டும். நீங்கள் போடாவிட்டாலும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். கூட்டம், ஆர்ப்பாட்டம், நீதிமன்றம், மாநகராட்சி மன்றம் ஆகியவற்றின் சுருக்கம் இரவிலும் முழுச் செய்தி காலை 6 மணிக்கும் போகட்டும். உங்கள் நிருபர் மட்டுமே தோண்டி எடுத்த செய்தி பேப்பருக்கும் சந்தாதாரருக்கும் முதலில். தளத்தில் எல்லோருக்கும் அன்று பிற்பகல். எந்தச் செய்தி எந்தப் பிரிவு என்பதை மாலை 5 மணிக் கூட்டத்தில் செய்தி ஆசிரியர் ஒருவரே முடிவு செய்ய வேண்டும். இருவர் கையில் அந்த அதிகாரம் இருந்தால் ஒரே செய்தி இரண்டு தலைப்பில் ஏறும்.

தினமும் வரவைக்கும் பக்கங்கள்

தேசியச் செய்தியில் டெல்லி ஊடகங்களோடு ஓடி ஜெயிக்க முடியாது. உங்களிடம் உள்ள, அவர்களிடம் இல்லாத ஒன்று மின்தடை அறிவிப்பு.

சிரிக்க வேண்டாம். துணை மின் நிலையப் பராமரிப்புக்காக மின்வாரியம் தரும் அறிவிப்பு அச்சில் ஒரு பிட் செய்தியாக, ஊர்ப்பெயர்கள் காற்புள்ளியோடு வரிசையாக நிற்கும்படி வரும். அதைத் தளத்தில் தினமும் புதுச் செய்தியாகப் போட்டால் மறுநாளே செத்துவிடும். அதற்குப் பதிலாகத் தாலுகாவுக்கு ஒரு நிலையான பக்கம் வையுங்கள். முகவரி மாறவே கூடாது. மேலே ‘நாளை’, அதன்கீழ் ‘இந்த வாரம்’, பிறகு முடிந்தவை. ஊர்ப்பெயர், துணை மின் நிலையம், நேரம் என மூன்றே கட்டம். அகர வரிசையில் ஊர்ப்பெயர் இருந்தால் வாசகர் பத்து நொடியில் பார்த்துவிட்டுப் போவார், அடுத்த மாதமும் வருவார். பல மாதம் ஒரே முகவரியில் இருக்கும் பக்கத்தைத் தேடுபொறியும் மேலே கொண்டுவரும். முடிந்த தேதியை நீக்க மறப்பதுதான் இங்கே வழக்கமான கோளாறு. பழைய தேதியைப் பார்த்து ஏமாந்தவர் திரும்ப வரமாட்டார்.

இதே மாதிரி மாவட்டத்துக்கு ஏற்ற பக்கங்கள் உண்டு. ஈரோட்டுக்கு மஞ்சள் விலை, நாமக்கல்லுக்கு முட்டை விலை, கன்னியாகுமரிக்குத் தோவாளைப் பூ விலை. சேலம் முதல் டெல்டா வரை மேட்டூர் அணை: முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, இன்றைய மட்டம், வரத்து, திறப்பு. வெறும் எண்ணை மட்டும் போடாமல் போன வாரத்தையும் போன ஆண்டு இதே நாளையும் பக்கத்தில் வையுங்கள்; விவசாயிக்குத் தேவை அந்த ஒப்பீடுதான். இத்தனை ஆண்டுப் பேப்பர் கட்டு உங்கள் அலுவலகப் பரணில் இருப்பதால் அந்த எண்கள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன.

தளம்

தளத்தின் பெயரான டொமைன் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். வெப் டிசைனர் பெயரில் இருந்தால் அவரோடு மனக்கசப்பு வரும் நாளில் தளமே கையைவிட்டுப் போகும். வேறு வேலைக்கு முன் இதைச் சரிபாருங்கள்.

முகவரியில் தமிழ் எழுத்து வேண்டாம். யூனிகோடைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ‘தமிழ்’ என்பதில் குறிகள் ஐந்து, ஆகவே 45 எழுத்து. எட்டுச் சொல் தலைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் திரை முழுக்க எண்ணும் குறியுமாக நிற்கும், நடுவில் வெட்டுப்பட்டும் போகும். ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல், கடைசியில் செய்தி எண். பழைய தளத்திலிருந்து மாறும்போது ஒவ்வொரு பழைய முகவரிக்கும், வருபவரைப் புதிய முகவரிக்குத் தானாக அனுப்பும் 301 திருப்பல் போடாவிட்டால் பல ஆண்டு தேடல் மதிப்பு ஒரே இரவில் போய்விடும்.

ஆண்ட்ராய்டு போனில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. உடல் எழுத்துக்குத் தனி எழுத்துரு ஏற்ற வேண்டாம். தலைப்புக்கு மட்டும் ஒன்று போதும். அளவு 18 பிக்சல், வரி உயரம் 1.6 அல்லது 1.7. ஆங்கிலத்துக்கு வைத்த 1.4இல் மேல்விலங்கும் கீழ்விலங்கும் இடித்துக்கொள்ளும். ‘மேற்கொள்ளப்பட்டுவருவதாகவும்’ போன்ற நீளச் சொல் சிறிய திரையில் தலைப்பை வெளியே தள்ளிவிடும் என்பதால் சொல் மடங்கும் அமைப்பை இயக்கிவைக்க வேண்டும்.

படம் 1,200 பிக்சல் அகலம், வெப்பி (WebP) வடிவம், 150 கேபிக்குள். போனில் கூகுள் தானாகக் காட்டும் செய்தி வரிசையான டிஸ்கவரில் பெரிய படமாக வருவதற்கு அந்த அகலம் தேவை. நிருபர் போனிலிருந்து வரும் 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றுவதுதான் தளம் மெதுவாவதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் விளம்பரம். 300க்கு 250 விளம்பரத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்காவிட்டால் அது வந்து விழும்போது படித்துக்கொண்டிருக்கும் வரி கீழே ஓடும். முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும், பக்கம் இப்படிக் குலுங்கும் அளவு (சிஎல்எஸ்) 0.1க்குள் இருக்க வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் வரம்பு.

தேடுபொறிக்குக் கொடுக்கும் முகவரிப் பட்டியலான சைட்மேப்பில், செய்திக்கான தனிக் கோப்பில் கடைசி இரண்டு நாள் செய்தி மட்டும் இருக்கட்டும். ஒரு கோப்பில் ஆயிரம் முகவரிக்கு மேல் கூடாது. போனில் வேகமாகத் திறப்பதற்கான ஏஎம்பி பக்கம் வேண்டும் என்று இன்றும் யாராவது விலை சொன்னால் மறுத்துவிடுங்கள். கூகுளின் முக்கியச் செய்திப் பகுதிக்கு அது கட்டாயமில்லை என்று 2021லேயே ஆகிவிட்டது.

அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் கடை போடுவதில் உள்ள ஆபத்தைச் சொல்ல ஃபேஸ்புக் ஒன்றே போதும். 2018 ஜனவரியில் செய்தியைக் குறைத்து நண்பர் பதிவுகளை முன்னே கொண்டுவந்தது. செய்தியைத் தன் செயலிக்குள்ளேயே திறந்துகாட்டிய இன்ஸ்டன்ட் ஆர்ட்டிகிள்ஸ் வசதியை 2023இல் மூடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கனடாவில் செய்தியையே தடுத்தது. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனல் இன்று நல்ல வழிதான்; தாலுகாவுக்கு ஒன்று தொடங்கலாம், நாளுக்கு எட்டுச் செய்திக்கு மேல் போட்டால் மியூட் செய்துவிடுவார்கள். ஆனால் பின்தொடர்பவரின் எண் உங்களுக்குத் தெரியாது. எனவே தளத்திலேயே போன் எண்ணோ மின்னஞ்சலோ கேட்டு வாங்கும் ஒரு படிவம் வேண்டும். எதற்காக வாங்குகிறோம் என்று தமிழில் தெளிவாகச் சொல்லி, சம்மதம் பெற்றுத்தான் வாங்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பதும் அதுவே.

இ-பேப்பரும் போலிக் கார்டும்

பக்கத்தை பிடிஎஃப்பாக ஏற்றினால் அரை மணி நேரத்தில் நூறு குழுக்களில் ஓடும். 2020 ஊரடங்கில் இது உச்சத்துக்குப் போய், டெலிகிராம் சேனல்களுக்கு எதிராக, இந்தி நாளிதழ் நடத்தும் ஜாக்ரன் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே போனது. முழுதாகத் தடுக்க முடியாது, கடினமாக்கலாம். பக்கத்தைப் படத் துண்டுகளாகக் காட்டுங்கள், பதிவிறக்கத்தைச் சந்தாதாரருக்கு மட்டும் கொடுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் சந்தாதாரர் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மங்கலாகப் பதியுங்கள். தன் எண் தெரியும் பிரதியை ஊருக்கெல்லாம் அனுப்பப் பெரும்பாலோர் தயங்குவார்கள். முதல் பக்கத்தை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடலாம்; கடையில் தொங்கும் போஸ்டர் செய்யும் வேலையை அது செய்யும்.

சமூக ஊடகத்தில் பகிரும் ஒற்றைப் படச் செய்தியான நியூஸ் கார்டின் போலி இன்னும் பெரிய தலைவலி. உங்கள் லோகோவும் நிறமும் அப்படியே இருக்க, தலைவர் சொல்லாததைச் சொன்னதாகவோ நாளை விடுமுறை என்றோ மாற்றி விடுவார்கள். ஒவ்வொரு கார்டிலும் தேதி, நேரம், செய்தி எண் மூன்றும் இருக்கட்டும். வெளியிட்ட கார்டுகள் அனைத்தும் வரிசையாக இருக்கும் ஒரு பக்கம் தளத்தில் வையுங்கள். போலி கிளம்பினால் அதன்மேல் பெரிதாகக் குறுக்குக்கோடு போட்ட படத்தோடு மறுப்பு வெளியிட வேண்டும். போலியைச் சுத்தமாகத் திரும்பப் போட்டால் நீங்களே பரப்பியதாகிவிடும்.

பணம்

தளங்களில் தானாக விளம்பரம் போட்டுப் பங்கு தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழுக்கு 2018 பிப்ரவரியில் வந்தது. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வெளியே வரும். அதைச் சில்லறை வருமானமாக வைத்துக்கொண்டு, உள்ளூர் விளம்பரத்தை உங்கள் ஆட்களே நேரில் விற்க வேண்டும். மின்தடைப் பக்கத்தின் மேல் இன்வெர்ட்டர் கடை, அணைப் பக்கத்தின் மேல் உரக்கடை, மே மாதத்தில் பள்ளிச் சேர்க்கை. நினைவஞ்சலியும் அப்படித்தான். அச்சில் ஒரு நாள் வரும் படம் தளத்தில் ஓராண்டு இருக்கும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அஞ்சலி எழுதலாம் என்றால் குடும்பங்கள் கூடுதலாகக் கொடுக்கத் தயங்குவதில்லை. புலம்பெயர்ந்த இலங்கைத் தமிழரிடையே மரண அறிவித்தல் தளங்கள் தனித் தொழிலாகவே நிற்பதைப் பார்க்கலாம்.

அச்சு விளம்பர இடத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், இணைய விளம்பரத்துக்கு 18 சதவீதம். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக பில் போட்டால் கலப்பு வழங்கல் என்று மொத்தத்துக்கும் 18 கேட்க இடமுண்டு. தனித்தனி வரி, தனித்தனி விலை போட்டுவிட்டு ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

சந்தாவை முதல் நாளே பூட்டுப் போட்டுத் தொடங்க வேண்டாம். நியூயார்க் டைம்ஸ் 2011இல் மாதம் 20 கட்டுரையை இலவசமாக விட்டு, அடுத்த ஆண்டுதான் 10 ஆக்கியது. மாவட்ட இதழில் மின்தடையும் விபத்தும் எப்போதும் இலவசமாக இருக்கட்டும். இ-பேப்பர், பழைய தொகுப்பு, உங்களிடம் மட்டுமே வரும் செய்தி ஆகியவற்றுக்குக் கட்டணம். தவணைதோறும் தானாகப் பணம் எடுக்கும் யுபிஐ ஆட்டோபே மூலம் வாங்கினால் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து வாசகருக்கு அறிவிப்பு போகும். அந்த நாளில்தான் ரத்து அதிகம் வரும். அதற்கு முந்தைய வாரம் உருப்படியான ஏதாவது சந்தாதாரருக்குப் போயிருக்க வேண்டும்.

ஏஜென்ட்டைப் பகைத்துக்கொண்டு எந்த இதழும் தப்பியதில்லை. அவருக்கு ஒரு குறியீடு கொடுங்கள். அந்தக் குறியீட்டில் வரும் ஆன்லைன் சந்தாவுக்கு அந்தச் சந்தா நீடிக்கும் வரை அவருக்குக் கமிஷன். பேப்பரை நிறுத்தும் வீட்டை முதலில் அறிந்தவர் அவர்தான். மாதக் கணக்கு முடிக்கும்போது நிறுத்தியவர் பட்டியலை அவரிடமிருந்து வாங்கி, ஒரு வாரத்துக்குள் அழைத்துப் பேசினால் ஒரு பகுதியினர் இ-பேப்பருக்கு மாறுவார்கள்.

அச்சில் செலவைக் குறைக்க வேண்டி வந்தால் முதலில் ரிட்டர்னை, பிறகு பக்கத்தை, பிறகு தொலைதூர வேனைக் குறையுங்கள். அச்சிடும் நாள்களைக் குறைப்பது கடைசி. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் டைம்ஸ்-பிகாயூன் 2012இல் தினசரி அச்சை வாரம் மூன்று நாளாக்கியது. அந்த இடைவெளியில் பக்கத்து நகரமான பேட்டன் ரூஜின் அட்வகேட் உள்ளே வந்தது; 2019இல் டைம்ஸ்-பிகாயூனையே அதன் உரிமையாளர் வாங்கிவிட்டார்.

சட்டம், பழைய கட்டு

பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2023 அச்சு இதழுக்கானது. தளத்துக்குப் பொருந்துவது 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள். இந்தியாவில் வசிக்கும் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருத்தம் வந்தால் செய்தியைச் சத்தமில்லாமல் மாற்றாமல், என்ன மாறியது என்று நேரத்தோடு அடியில் குறிப்பிடுங்கள். கைது செய்தி போட்டவர்கள் விடுதலைச் செய்தியையும் அதே பக்கத்தில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் தேடலில் முதலில் வருவது கைதுதான். தற்கொலைச் செய்தியின் கீழ் 104, 14416 ஆகிய உதவி எண்கள் தானாக வரும்படி வைத்துவிடுங்கள்.

ஏஜென்சி படங்களுக்கு அச்சு ஒப்பந்தம் இருந்தால் இணையத்துக்கும் உரிமை உண்டு என்று எண்ண வேண்டாம். ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

பழைய கட்டுகளை ஸ்கேன் செய்து அப்படியே திறந்துவிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. முன்பு பாலியல் குற்றச் செய்திகளில் பாதிக்கப்பட்டவர் பெயரும் ஊரும் சாதாரணமாக வந்திருக்கும். இன்று அதை வெளியிடுவது குற்றம். குழந்தைகள் தொடர்பானவற்றுக்குப் போக்சோவும் சிறார் நீதிச் சட்டமும் உண்டு. முதலில் தலையங்கம், விளையாட்டு, சந்தை விலை, அணை நிலவரம், ஊர்த் திருவிழா ஆகியவற்றைத் திறங்கள். குற்றப் பக்கங்களை ஆள் பார்த்தபிறகு விடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னா போன்றவற்றின் பழைய வடிவங்களை, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி (ஓசிஆர்) தவறாகப் படிக்கும் என்பதால் அந்தக் கால இதழ்களுக்குத் தலைப்பை மட்டும் கையால் அடித்து, உள்ளே படமாக விட்டால் போதும். ஸ்கேன் 300 டிபிஐக்குக் குறையாமல் இருக்கட்டும்.

வாக்கு எண்ணிக்கை நாள்

ஆண்டு முழுக்கச் சும்மா இருக்கும் சர்வர் அன்று காலை 8 மணிக்கு விழும். ஒரு மாதம் முன்பே தொகுதிக்கு ஒரு நிலையான பக்கத்தை உருவாக்கி, கடந்த தேர்தல் முடிவை அதில் ஏற்றிவிடுங்கள். அன்று அந்தப் பக்கங்கள் தரவுத்தளத்தைத் தொடாமல், பல இடங்களில் நகல் வைத்துத் தரும் சர்வர் வலையான சிடிஎன்னிலிருந்து நேரடியாகப் போக வேண்டும். எண்கள் மட்டும் தனிச் சிறு கோப்பில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால் போதும். சுற்று எண்ணை எழுதாமல் முன்னிலையை மட்டும் போடாதீர்கள். எண்ணும் மையத்தில் இருக்கும் நிருபர் சுற்று, வேட்பாளர், வாக்கு என்று ஒரே வடிவில் அனுப்ப வேண்டும். அதை ஏற்றுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். முதல் நாள் இரவே கற்பனை எண்களை வைத்து ஒரு ஒத்திகை நடத்துங்கள். ஒத்திகை எண்கள் பொதுத்தளத்தில் ஏறாதபடி அதைத் தனி முகவரியில், கடவுச்சொல்லுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.